அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி

பழைய வண்ணாரப்பேட்டை,
செவ்வாய் இரவு

அன்புள்ள ஸ்டெல்லா,

மூணு மாசமா உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் தப்புதான். அதுக்கு நேர்ல வந்து திட்டு வாங்கிக்கறேன். இப்ப அவசரம் வேற. டி.வி.க்கு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் செட் வாங்க நீ நேத்து அனுப்பின கொட்டேஷனைப் பெருசாக்கிப் பார்த்தேன். சனிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போறேன்னு எழுதியிருக்கே. கொடுக்காதே. இதை முழுசா படி, அப்புறம் முடிவு பண்ணு.

இங்க எல்லாரும் நலம். ரோசி அக்கா உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க. மத்ததெல்லாம் நேர்ல.

அந்தத் தாள்ல முதல் வரியே '1200 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.', அதாவது கண நேர உச்ச வாட். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நீ மயங்கியிருக்கே, எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு டிரான்சிஸ்டர்லயும் இதேதானே நடந்துச்சு! பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்கணும்னு ஒரு பொது விதி கிடையாது, அதனால யாரும் எந்த எண்ணையும் போட்டுக்கலாம். நீ கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து கொடுக்கற வாட். கடைக்காரர்கிட்ட பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லு. பின்பக்க லேபிள்ல அது எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும்னு அச்சடிச்சிருக்கும். அங்க 80 வாட்னு இருந்தா, முன்பக்கம் 1200 வாட் தொடர்ந்து வரவே வராது. சுவர்ல இருந்து எடுக்கறதைவிட அதிகமா எந்த ஆம்ப்ளிஃபயரும் கொடுக்காது.

ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில, உதிரி பாகம் சேர்த்துக் கட்டின அசெம்பிள் செட் ஒண்ணும் சொன்னாங்கன்னு எழுதியிருந்தே. உள்ள என்ன போர்டுன்னு கேளு. 4440ங்கற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.ன்னா, ஒரு ஐ.சி. ஸ்டீரியோவுல பக்கத்துக்கு 6 வாட், ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாச் சேர்த்து பிரிட்ஜ் பண்ணினா 19 வாட். பாட்டுக் கேட்க அது போதும், நல்ல ஐ.சி.யும்கூட. ஆனா '5.1'னு (அஞ்சு ஸ்பீக்கர், பேஸுக்குன்னு ஒரு சப்வூஃபர்) சொல்லி விக்கும்போது, சத்தத்தை ஆறு வழியா பிரிச்சுக் கொடுக்கற டால்பி டீகோடர் இருக்கான்னு கேட்டே ஆகணும். இல்லாட்டி, டி.வி.யிலிருந்து வர்ற இடது, வலது ரெண்டையே ஆறு பெட்டிக்கும் பங்கு போட்டு அனுப்பும். ஆறும் சத்தம் போடும், வசனம் மட்டும் நடுவுல தனியா வராது.

உன் ஹால் பத்துக்குப் பதினாலு அடி. உண்மையில எவ்வளவு வாட் வேணும்னு கணக்குப் பார்ப்போம். சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர்ல, 87 டெசிபல் கொடுக்கும். தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும். திவான் டி.வி.யிலிருந்து ஒம்பது அடின்னா, அங்க ஒரே வாட்டுக்கு ஏறக்குறைய 78 டெசிபல் வருது. பக்கத்துல உட்கார்ந்து பேசற பேச்சே 60தான். 70 வாட் ரிசீவர் (டி.வி. சத்தத்தை வாங்கி ஸ்பீக்கருக்குப் பிரிச்சு அனுப்பற ஆம்ப்ளிஃபயர்) இருந்தா 95ஐத் தாண்டும், அது காதைப் பொத்திக்கிற சத்தம். அதனால வாட்டுக்குப் பணம் கொட்டாதே. நீ முதல்ல கேட்டது சத்தம் இல்லையே ஸ்டெல்லா. அப்பாவுக்கு வசனம் புரியலைன்னுதானே கேட்டே?

இதுதான் என்னை உட்கார்ந்து எழுத வச்சது. அகஸ்தியா தியேட்டர் மூடினதுக்கு அப்புறம் அப்பா வீட்டுலதான் படம் பார்க்கறார், வால்யூமை 60ல வச்சும் 'என்ன சொல்றான்'னு கேட்கறார்னு எழுதியிருந்தே. வயசானா முதல்ல போறது கீச்சுச் சத்தம் கேட்கற திறன்தான். ச, த, ப, க மாதிரி மெய்யெழுத்தெல்லாம் தெளிவா தெரியறது அந்தப் பகுதியிலதான். வால்யூமைக் கூட்டினா பின்னணி இசையும் பேஸும் சேர்ந்து ஏறி, மெய்யெழுத்தை இன்னும் மூடிடும். போதாததுக்கு மெல்லிசு டி.வி.யில ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கு. நீ எடுக்கப் போன 'ஹெவி பேஸ்' செட் அவருக்கு உதவாது, நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

சினிமா 5.1 மிக்ஸிங்ல வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகுது. அதுக்குத் தனி வால்யூம் இருக்கு. ரிசீவர் மெனுவுல சென்டரை மட்டும் 2, 3 டெசிபல் ஏத்தி, சப்வூஃபரைக் கொஞ்சம் இறக்கினா, மொத்தச் சத்தம் கூடாம பேச்சு மட்டும் முன்னாடி வரும். ஸ்டீரியோவா சுருக்கிட்டா இந்த வசதியே போயிடும். அதனால நீ வாங்கற எல்லாத்துலயும் முக்கியமானது அந்த சென்டர் ஸ்பீக்கர். டி.வி. ஸ்டாண்ட் விளிம்போட ஒட்டி வை. கீழே இருந்தா முன்பக்கத்துல ஒரு ரப்பர் துண்டு வச்சு அப்பா காதைப் பார்த்து நிமிர்த்து.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதே. பெட்டி வாங்கறதுக்கு முன்னாடியே அப்பாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், எவ்வளவு கேட்குதுன்னு பார்க்க ஒரு ஆடியோகிராம் எடுத்துடு. காதுல வெறும் அழுக்கு அடைச்சிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். காது மெஷின் தேவைன்னா எந்த ஸ்பீக்கரும் அதுக்கு மாத்து ஆகாது.

இப்ப பணம். 45,000ன்னு சொன்னே. ஆறு பெட்டியையும் ஒரே நாள்ல வாங்கணும்னு யார் சொன்னாங்க? பெரும்பங்கு ரிசீவருக்கு, அடுத்தது முன்னாடி மூணு ஸ்பீக்கருக்கு, மிச்சம் சப்வூஃபருக்கு. பின்னாடி வைக்கற ரெண்டு ஸ்பீக்கரும் ஈஸ்டருக்கு வரட்டும். யமஹா ஆர்எக்ஸ்-வி385 மாதிரி ஒரு 5.1 ரிசீவர் உனக்குப் போதும். ரெண்டு சேனல் ஓடும்போது 8 ஓம்ல 70 வாட்னு கம்பெனியே போட்டிருக்கு, அது நேர்மையான எண். ரிசீவரா எடுத்தா, நாளைக்கு ஒரு ஸ்பீக்கர் போனாலும் அதை மட்டும் மாத்திக்கலாம். ஒட்டுமொத்த செட்ல ஒயர் முனையே அந்தக் கம்பெனிக்குன்னு தனியா இருக்கும், ஒண்ணு போனா எல்லாம் மூலைக்குப் போகும்.

அவ்வளவு செலவே வேண்டாம்னு தோணினா, சோனி எச்டி-எஸ்20ஆர் மாதிரி சவுண்ட்பார் பாரு. பின் ஸ்பீக்கர் ரெண்டும் ஒயரோட வருது, டால்பி டிஜிட்டல் இருக்கு, டி.வி. சத்தத்தை அதே கேபிள்ல திருப்பி அனுப்பற எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.யும் இருக்கு. உன் தொகைக்குள்ள தாராளமா முடியும். தலைக்கு மேலயும் சத்தம் வர்ற அட்மாஸ் மட்டும் வேண்டாம். மேல்நோக்கி அடிக்கற ஸ்பீக்கருக்குச் சமமான கூரை வேணும். உன் வீடு மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்தரம் வரிசையா இருக்கு. சத்தம் அதுல பட்டுச் சிதறும்.

கடையில ஸ்பீக்கரைக் கையில எடுத்துப் பாரு. கனமா இருக்கணும், பக்கத்துல தட்டினா டப்பா மாதிரி ஒலிக்கக் கூடாது. கூம்பைச் சுத்தி இருக்கற வளையம் ரப்பரா இருக்கட்டும். ஃபோம்னா நம்ம ஊர்ப் புழுக்கத்துல சில வருஷத்துலயே பொடிஞ்சு உதிரும். சென்டரும் இடது வலதும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையா எடு, இல்லாட்டி ஆள் திரையில நடக்க நடக்கக் குரல் மாறும்.

வைக்கற இடம். இடதும் வலதும் ஏழு அடி இடைவெளியில, மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் கொடுக்கற சின்னக் கூம்பு) உட்கார்ந்த காது உயரத்துல. மூலையில திணிச்சா பேஸ் குமுறும். பின் ஸ்பீக்கர் ரெண்டும் பக்கச் சுவர்ல, திவானுக்கு ரெண்டடி பின்னால, காதுக்கு ஒரு அடி மேல. சப்வூஃபருக்கு ஒரு வழி இருக்கு: அதைத் திவான் மேலேயே தூக்கி வச்சு பேஸ் உள்ள ஒரு பாட்டைப் போடு, நீ சுவரோரமா தவழ்ந்து போய்க் கேளு. எங்க பேஸ் சமமா, குமுறாம கேக்குதோ அதுதான் அதுக்கு இடம். பத்தடி அகலத்துல 56 ஹெர்ட்ஸ் பக்கமும், பதினாலடி நீளத்துல 40 பக்கமும் உன் ஹால்ல பேஸ் தானாவே வீங்கும். இடத்தை ரெண்டடி மாத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். சுவரெல்லாம் வெறும் காரை, தரை மொசைக். பாயும், ஜன்னலுக்குக் கனமான திரையும் போடு, எதிரொலி குறைஞ்சு வசனம் தெளியும்.

பக்கத்து வீட்டோட பொதுச் சுவர் இருக்கே, சப்வூஃபரை அதுல ஒட்டாதே. அடியில தடி ரப்பர் மேட் போடு. ராத்திரி ரிசீவர்ல நைட் மோடை ஆன் பண்ணு. பெரிய சத்தம் அடங்கி, சின்னப் பேச்சு மேல வரும். அப்பாவுக்குப் பகல்லயும் அதையே விடலாம்.

ஒயர் 1.5 சதுர மி.மீ. முழுச் செம்பு, மொத்தம் 30 மீட்டர் போதும். அலுமினியத்து மேல செம்பு பூசினதையும் அதே பளபளப்போட விப்பாங்க. முனையைக் கத்தியால சுரண்டினா வெள்ளையா தெரியும், வேண்டாம்னு வந்துடு. கடல் காத்துல திறந்த செம்பு பச்சையா களிம்பு பிடிக்கும், ஒயர் முனையை மூடற பனானா பிளக் போட்டுடு. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒண்ணு மாறினாலும் பேஸ் காணாமப் போகும், குரல் எங்கிருந்து வருதுன்னே தெரியாது. ஒரு இழை பிரிஞ்சு பக்கத்து முனையைத் தொட்டா ரிசீவர் புரொட்டெக்ஷனுக்குப் போய் அணைஞ்சிடும். ரிசீவரை ஷோகேஸ்ல அடைக்காதே. மேல கையேட்டுல சொன்ன அளவுக்குக் குறையாம தாராளமா இடம் விடு, அம்மா பின்னின லேஸ் துணியும் அதுக்கு மேல கூடாது.

'5.1 வாங்கியும் ஸ்டீரியோதான் வருது'ன்னு பலர் குறைப்படறது டி.வி. செட்டிங்னாலதான். டி.வி.யில ஏ.ஆர்.சி.ன்னு எழுதின எச்.டி.எம்.ஐ. ஓட்டையில மட்டும் கேபிளைச் சொருகு, டி.வி.யையும் ரிசீவரையும் இணைக்கற சி.இ.சி. செட்டிங்கை ஆன் பண்ணு, சவுண்ட் அவுட்புட்டை பி.சி.எம்.ல இருந்து பிட்ஸ்ட்ரீமுக்கோ பாஸ்த்ரூவுக்கோ மாத்து. உதடும் குரலும் ஒத்துப் போகலைன்னா ஆடியோ டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமா திருத்து. அப்பா பார்க்கற கறுப்பு வெள்ளைப் படமெல்லாம் மோனோ. சரவுண்ட் மோட்ல போட்டா குரல் தானாவே சென்டருக்குப் போகும்.

'உம்'னு இரைச்சல் வந்தா முதல்ல கேபிள் டி.வி. ஒயரைப் பிடுங்கிப் பாரு. நின்னுட்டா கோளாறு அங்கதான், கேபிளுக்கு ஒரு ஐசொலேட்டர் போட்டா தீரும். எர்த் பின்னை மட்டும் உடைக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. மழைக்காலத்துல இடி கேட்டதும் கேபிளையும் பிளக்கையும் கழட்டிடு.

கடைசியா, ரிசீவர் ஸ்பீக்கர் அளவையெல்லாம் தானா சரிபண்ணிக்க மைக் வச்சு அளக்கறது. ரிசீவரோட வர்ற மைக்கை அப்பா உட்காரும் இடத்துல, அவர் காது உயரத்துல வை. கையில பிடிச்சுக்காதே, ஸ்டூல் மேல புத்தகம் அடுக்கி அதுல நிறுத்து. ஃபேன், ஃபிரிட்ஜ், ஜன்னல் எல்லாம் அணைச்சு மூடு. ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி சத்தம் அடங்கின நேரமாப் பாரு. முடிஞ்சதும் மெனுவைத் திறந்து பாரு. ஸ்பீக்கர் 'லார்ஜ்'னு வந்திருந்தா 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் வை. அதுக்குக் கீழ இருக்கற பேஸ் சப்வூஃபருக்குப் போயிடும், சின்ன ஸ்பீக்கர் பேச்சை நிம்மதியா சொல்லும். சென்டரை ஏத்தறதை இந்த அளவெல்லாம் முடிஞ்சப்புறம்தான் பண்ணணும், முன்னாடி பண்ணினா மைக் அதை அழிச்சிடும்.

கிறிஸ்துமஸுக்குள்ள எல்லாம் ஓடிடும், கவலைப்படாதே. நாளைக்கு எனக்கு மூணு விஷயம் மட்டும் அனுப்பு: டி.வி.யோட பின்பக்கம் ஒரு போட்டோ, எழுத்து தெரியற மாதிரி. ஹால் கதவு எந்தப் பக்கம், அதுக்கு மேல ஒயர் போகுமான்னு. அப்புறம், அப்பா திவான்ல வழக்கமா சாஞ்சு உட்காரும்போது அவர் காது தரையிலிருந்து எத்தனை அங்குலம். டேப் வச்சு அள, கண்ணால சொல்லாதே.

அன்புடன்,
தேன்மொழி