அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய தவிசாளர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், நூலகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எந்த அலுமாரியைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். உசாத்துணைப் பகுதியின் மூலையில், கண்ணாடிக் கதவும் பித்தளைப் பூட்டுமாக நிற்பது. காடு, குளம், பறவை, பூச்சி, மழை, மண் என்று இயற்கையைப் பற்றிய நூல்கள் அதற்குள் இருக்கின்றன. புலம்பெயர்ந்த உறவுகள் பெட்டி பெட்டியாக அனுப்பியவை. கடந்த ஒக்டோபரில், தேசிய வாசிப்பு மாத விழாவன்று, அந்த அலுமாரிக்கு மாலை போட்டீர்கள். பிரதம விருந்தினர் நாடா வெட்டினார். கண்ணாடியில் கைவைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். பூட்டை மட்டும் எவரும் தொடவில்லை. இன்றுவரை தொடவில்லை.

அந்த அலுமாரியைத் திறந்து, உள்ளிருக்கும் நூல்களை இரவல் பகுதிக்கு மாற்றித் தாருங்கள். எங்கள் வாசகர் வட்டம் கேட்பது இவ்வளவுதான்.

இதையே கடிதமாகவும் தந்தோம். பதில் வந்தது, நன்றி. நூல்கள் பெறுமதி மிக்கவை என்பதால் பூட்டப்பட்டுள்ளன, அவற்றுக்கு வாசகர் கேள்வியும் இல்லை, பாடத்திட்டத்துக்கும் அவை வெளியே உள்ளவை என்று அதில் எழுதியிருந்தீர்கள். பூட்டிய அலுமாரிக்குள் இருப்பதை ஏன் ஒருவரும் இரவல் எடுக்கவில்லை என்று வியப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

கேட்டவர்கள் இல்லை என்கிறீர்கள். ஒருத்தி கேட்டாள். பத்தாம் வகுப்பு மாணவி. முத்தையன்கட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள். வீட்டுக்குப் பின்னால் உள்ள பற்றைக்குள் காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் இரட்டை விசிலாகக் கூவும் ஒரு பறவையைப் பற்றித் தன் ஒப்படையை எழுத நினைத்தாள். குரலைக் கைத்தொலைபேசியில் பதிந்திருந்தாள். அதன் பெயர் ஆறுமணிக்குருவி என்று அவளுடைய அம்மம்மா சொல்லியிருந்தார். அந்தக் கூவல் கேட்டதும் விளக்கேற்றுகிற தலைமுறை அது. ஆனால் ஒப்படைக்கு விஞ்ஞானப் பெயர் வேண்டும், பறவை எங்கிருந்து வருகிறது என்ற விவரம் வேண்டும். அதற்காகத்தான் நூலகத்துக்கு வந்தாள்.

நூலக உதவியாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் எழுந்துபோய் அலுமாரியைக் காட்டினார். உள்ளே ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைகள் பற்றிய நூல் நின்றது. 1955இல் வந்த ஆங்கில நூல், படங்களையும் ஹென்றியே வரைந்தார். பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாற்றம்தான், ஆனால் குருவியின் படத்தைப் பார்க்க ஆங்கிலம் வேண்டியதில்லை. திறப்பு நூலகத்தில் இல்லை, அலுவலகத்தில் என்றார்கள். அலுவலகத்துக்குப் போனால், திறப்பை வைத்திருப்பவர் கச்சேரியில் கூட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். வந்தாள். அன்று அவர் விடுமுறை. பிறகு ஒரு நாள், உசாத்துணை நூலைப் பார்க்க அதிபரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அதையும் கொண்டுவந்தாள். அன்றும் திறப்பு இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, கழுத்தைச் சாய்த்து, நூலின் முதுகில் இருந்த எழுத்துகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள். புத்தகத்தின் முதுகில் குருவியின் பெயர் இருக்காது. ஒப்படை திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில், “விஞ்ஞானப் பெயர் எங்கே?” என்று ஆசிரியர் கேட்டிருந்தார்.

ஐயா, அந்தப் பெயர் பிற்றா பிராக்கியூரா. இந்தியாவிலிருந்து ஒக்டோபர் வாக்கில் நம் பற்றைகளுக்கு வந்து, சித்திரையோடு திரும்பிப் போகிற பறவை. முதுகு பச்சை, செட்டையில் ஒரு நீலத் திட்டு, வாலுக்குக் கீழே சிவப்பு. அவ்வளவு நிறமிருந்தும் சருகுக்குள் நடந்து திரிவதால் கண்ணில் படுவது அரிது, காதில்தான் விழும். உங்கள் விழா மேடையில் ஒலிபெருக்கி அலறிய அந்த மாதத்தில்தான் அது வந்து இறங்குகிறது.

பாடத்திட்டத்துக்கு வெளியே என்ற வாதத்தையும் பார்ப்போம். நூல்களை எண்ணிட்டு அடுக்க நூலகங்கள் பின்பற்றும் தூயி தசமப் பகுப்பில் 500 இயற்கை அறிவியல், 598 பறவைகள், 630 வேளாண்மை. நம் நூலகத்தின் 500ஆம் தட்டில் விஞ்ஞானப் பாடத்தின் கடந்தகால வினாத்தாள்கள். 630இல் களைகொல்லி விற்கிறவர்கள் அச்சடித்துத் தந்த வழவழப்பான துண்டுப்பிரசுரங்கள். பூச்சிகொல்லியால் பறவைகள் மடிந்து, ஓசையே இல்லாமல் வந்து போகும் வசந்தத்தைப் பற்றி அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன் எழுதியது 1962இல். அந்த நூல் அலுமாரிக்குள், பிரசுரங்கள் வெளியே. திட்டமிட்டுச் செய்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. நிலம் என்றால் அதன் ஓசையும் சேர்ந்ததுதான் என்பது நமக்கு எவரும் வெளியிலிருந்து வந்து சொல்லித் தந்ததல்ல. முல்லைக்குக் கார்காலமும் மாலைப் பொழுதும் உரியவை. அந்த மாலையில் வந்து கூவுகிற குருவியைத்தான் நம் பிள்ளை தேடி வந்தாள். ஒட்டுசுட்டான் காட்டிலிருந்து இரணைமடு வயலுக்கும், அங்கிருந்து முல்லைத்தீவுக் கடலுக்கும் ஒரே நாளில் பஸ்ஸில் போய் வரலாம். முல்லையும் மருதமும் நெய்தலும் இப்படி அருகருகே கிடக்கும் நாட்டில், நிலத்தைப் பற்றிய புத்தகம் மட்டும் பூட்டுக்குள் இருக்கிறது. தண்ணிமுறிப்புக் கிராமத்தை எழுதிய அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்த வன்னி நாவல். அதுவும் உள்ளேதான். நம்மைப் பற்றிய நாவலுக்கே நம்மிடமிருந்து பாதுகாப்பு!

இந்த நூல்களால் என்ன பயன் என்று குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி. பெர்னி கிரவுஸ் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர், கலிபோர்னியாவின் லிங்கன் புல்வெளியை அடுத்த காட்டில் 1988இல் விடியற்கால ஓசையைப் பதிவு செய்தார். பிறகு அங்கே மரம் வெட்டினார்கள், எல்லாவற்றையும் அல்ல, தேர்ந்தெடுத்துச் சில மரங்களை மட்டும். காட்டுக்குக் கேடு வராது என்று ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் திரும்பிப் போனபோது காடு பார்வைக்கு முன்போலவே இருந்தது. ஒலிப்பதிவில் அநேகமாகப் பறவைகளே இல்லை. கண்ணுக்கு மறைந்த வெட்டு காதுக்குத் தெரிந்துவிட்டது. நம் காடுகளில் முதிரை மரமும் பாலை மரமும் எப்படிப் போகின்றன, எந்த நேரத்தில் போகின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெரு ஓரத்தில் நின்று பார்த்தால் காடு அடர்த்தியாகத்தான் இருக்கிறது. மாரியில் குளக்கட்டில் நின்றால் தவக்கைச் சத்தத்துக்கு மேலே மணல் டிப்பர்களின் இரைச்சல் கேட்கிறது. ஆற்றில் மணல் இருக்கிறவரை டிப்பர் ஓடும், டிப்பர் ஓடுகிறவரை எவருக்கும் எந்தப் பறவையின் பெயரும் தெரியாமல் இருப்பது சிலருக்கு நல்லதுதான். பெயர் தெரிந்தால் பிள்ளைகள் கணக்குக் கேட்பார்கள்.

மணல் உங்கள் குழுவின் அதிகாரத்துக்குள் வருவதல்ல, அறிவேன். அலுமாரி வருகிறது.

யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி ஆண்டுதோறும் ஜூன் முதலாம் திகதி நீங்களும் பேசுகிறீர்கள், நாங்களும் வந்து கேட்கிறோம். தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. 2009இல் போருக்குள் இந்த மண்ணில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்களால் புத்தகங்களைத் தூக்க முடியவில்லை. அவ்வளவுக்கும் பிறகு கைக்கு வந்து சேர்ந்த நூல்களை நாமே பூட்டிவைத்தால், அதை எந்தத் திகதியில் நினைவுகூர்வது என்றும் குழு தீர்மானித்துச் சொல்லட்டும்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆளணிப் பற்றாக்குறை உண்டு, கணக்காய்வுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் உண்டு. தொலையும் நூலுக்குப் பணம் கட்ட எங்கள் வட்டம் எழுத்தில் உறுதி தருகிறது. நூல்களுக்கு உறை போடவும், பதிவேட்டில் ஏற்றவும், இராமபாணப் பூச்சி துளைத்தவற்றை ஒட்டவும் சனி, ஞாயிறுகளில் ஆட்கள் வருவார்கள். ஒரேயொரு பிரதி உள்ள அரிய நூல்கள் உசாத்துணையிலேயே இருக்கட்டும், ஆனால் திறப்பு நூலக மேசை இழுப்பறையில் இருக்கட்டும். மற்றவற்றை இரவல் பகுதிக்கு மாற்றித் தாருங்கள். அடுத்த கொள்வனவுப் பட்டியலில் இயற்கை பற்றிய தமிழ் நூல்களுக்கும் ஒரு சிறு பங்கு ஒதுக்குங்கள்.

சித்திரைக்குள் செய்தால் நல்லது. குருவி போவதற்குள் அந்தப் பிள்ளை புத்தகத்தோடு பற்றையடிக்குப் போய்ப் பார்க்கலாம்.

தயவுசெய்து அலுமாரியைத் திறந்துவிடுங்கள். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
வாசகர் வட்டத்தின் சார்பில்,
ஒரு வயற்காரன்

பி.கு.: திறப்பு தொலைந்துதான் போயிற்று என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சந்தையடியில் பூட்டுத் திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். கூலியை நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.