பாலி டூர்ல ஒரு வேளையாவது அந்த ஊர் சாப்பாட்ட சாப்பிட விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல பாலி தீவு டூர் பத்தி முழு பக்கம் போட்டிருந்தீங்க, கோயில், அருவி, பீச் எல்லாம் நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா சாப்பாடுன்னு வந்ததும் இந்தியன் ரெஸ்டாரண்ட் நிறைய இருக்கு கவலை வேண்டாம்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. அத படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நாங்க போனதும் பேக்கேஜ் டூர்தான், அஞ்சு நாள். முதல் மூணு நாள் மதியமும் ராத்திரியும் பன்னீர் பட்டர் மசாலா, ஜீரா ரைஸ், தால், திரும்ப அதே. இந்த ஊர் சாப்பாடு ஒரு வேளையாவது போடுங்கன்னு கூட வந்த டூர் கம்பெனிக்காரர்கிட்ட கேட்டா, நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் செட் ஆகாது சார்னு சொல்லிட்டு போயிட்டார். கடல் தாண்டி போறவனுக்கு எது செட் ஆகும்னு அவனே முடிவு பண்ணக்கூடாதா?

என் பையனுக்கு பார்பெக்யூ ரிப்ஸ் சாப்பிடணும்னு ரொம்ப நாள் ஆசை. நம்ம கறிக்கடைல நெஞ்செலும்புன்னு கேட்டு வாங்குவோமே கிட்டத்தட்ட அதேதான், ஆனா பன்னிக்கறி. ஒரு நாள் சாயந்திரம் பீச் ஓரமா லைட்டெல்லாம் போட்டு பெருசா இருந்த ஒரு கடைக்கு கூட்டிட்டு போனேன். அங்க அடுப்பே கண்ணுல படல, புகை வாசனையும் இல்ல. முன்னாடியே வேக வச்சு எடுத்து வச்சத சூடு பண்ணி, பாட்டில் சாஸ ஊத்தி கொண்டு வந்தாங்க, மேல தித்திப்பு, உள்ள சவசவன்னு. பில்லு வேற மெனுல இருந்தத விட கூட வந்துச்சு. அப்பறம்தான் தெரிஞ்சுது, விலைக்கு பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா வரியும் சர்வீஸ் சார்ஜும் தனின்னு அர்த்தமாம். வரி மட்டுமே 10 சதவீதம். போறவங்க இத கவனிச்சுக்கணும்.

நாலாவது நாள் உபுத்ங்கற ஊருக்கு போனப்ப நாங்க குரூப்ப விட்டு தனியா கார் எடுத்தோம். டிரைவர பிளின்னு கூப்பிட்டேன், பாலி பாஷைல அண்ணன்னு அர்த்தம். நல்ல ரிப்ஸ் வேணும்னு அவர்கிட்ட சொன்னதும் நேரா சங்கிங்கான் ரோட்டுக்கு, நேகா மியூசியத்துக்கு எதிர்ல இருக்கிற நாட்டி நூரிஸ் கடைக்கு கூட்டிட்டு போனார். 1995ல ஒரு ஜாவாக்கார அம்மாவும் அவங்க அமெரிக்க வீட்டுக்காரரும் ஆரம்பிச்ச கடை அது. கார்ல இருந்து இறங்கும்போதே புகை. ரோட்டு ஓரமாவே கரி அடுப்பு, முழு முழு பட்டையா ரிப்ஸ கம்பி மேல போட்டு, பிரஷ்ஷால சாஸ் தடவறது, திருப்பறது, மறுபடி தடவறதுன்னு ஒருத்தர் நின்னுட்டே இருந்தார். கறி முதல்லயே மெதுவா வெந்து பதமா இருக்கும், கடைசிலதான் நெருப்புக்கு வரும், ஏன்னா சாஸ்ல இனிப்பு ஜாஸ்தி, ஆரம்பத்துலயே தடவுனா கருகி கசந்து போயிடும். கெச்சாப் மானிஸ்னு சொல்றாங்க, சோயாவும் அவங்க ஊர் பனைவெல்லமும் போட்டு கெட்டியா காய்ச்சினது, வாசனை அப்படியே நம்ம கருப்பட்டி பாகு.

தட்டுல வந்ததும் பையன் ரெண்டு கையாலயும் எலும்ப பிடிச்சு லேசா இழுத்தான், கறி தனியா வந்துச்சு, ஆனா பிஞ்சு கூழாகல, அந்த பதம்தான் முக்கியம். ஓரம் மட்டும் மொறுமொறுன்னு இருந்துச்சு. தொட்டுக்க சம்பல் மாத்தா, சின்ன வெங்காயம், எலுமிச்சைப்புல், பச்ச மிளகா எல்லாத்தையும் பொடிசா நறுக்கி தேங்கா எண்ணெயும் எலுமிச்சை சாறும் விட்டு பெசஞ்சது, அடுப்பே காட்டாம. இத சாப்பிட்டுட்டா பாலி சாப்பாடு தமிழனுக்கு ஒத்துக்காதுன்னு யாராவது சொல்லுவாங்களா? என் மனைவி பன்னிக்கறி தொட மாட்டாங்க, அவங்களுக்கு சுட்ட கோழி வாங்கிக் குடுத்தோம், அதுவும் அருமை.

இன்னொன்னு சொல்லணும். பாலில பத்துல எட்டு பேருக்கு மேல இந்துக்கள், தினமும் வாசல்ல ஓலை தட்டுல பூவும் ஊதுபத்தியும் வச்சு கும்பிடறவங்க, அவங்களுக்கு பன்னிக்கறி பண்டிகை சாப்பாடு. 210 நாளைக்கு ஒரு தடவை வர்ற கலுங்கான் பண்டிகைக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு பன்னி அடிச்சு சமைப்பாங்களாம். நம்ம தீபாவளி அன்னைக்கு விடிகாலைல கறிக்கடைல நிக்கிற கூட்டத்த நெனச்சு பாருங்க. கோயில மட்டும் காட்டிட்டு அந்த கோயிலுக்கு போறவங்க வீட்டு சாப்பாட்ட மறைச்சா பாதி ஊரதான் பார்த்ததா ஆகும்.

அதனால ரெண்டு வேண்டுகோள். டூர் நடத்துறவங்க ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது சாப்பாட்ட பேக்கேஜ்ல சேக்காம விட்டு, அந்த காச கொறச்சுக்கணும். நீங்க சுற்றுலா பக்கம் போடும்போது ஒரு சின்ன பெட்டில உள்ளூர் சாப்பாட்டு வார்த்தைகள போடுங்க. ஈகான்னா விலா எலும்பு, பாபின்னா பன்னி, சாப்பின்னா மாடு, ஆயம்னா கோழி, பக்கார்னா சுட்டது. ஈகா பாபி பக்கார்னு போர்டுல இருந்தா அதுதான் நான் சொன்ன ரிப்ஸ். பன்னி வேண்டாங்கறவங்களுக்கும் மாடு வேண்டாங்கறவங்களுக்கும் இது தெரிஞ்சிருந்தாதான் பயமில்லாம எந்த கடைலயும் உக்கார முடியும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
திண்டுக்கல்.