காற்றுக்கு எடை இல்லை

அன்பு மகளுக்கு,

நேற்று சாயங்காலம் அப்பா தனியாக ஒரு ஃப்ரோசன் யோகர்ட் கடைக்குப் போய்வந்தேன், அதுதான், உறையவைத்த தயிரை மெஷினிலிருந்து நாமே கப்பில் பிடித்துக்கொள்ளும் கடை. சிரிக்காதே. உன் அம்மாவிடம் ஏடிஎம் வரைக்கும் போய்வருவதாகச் சொல்லியிருந்தேன். சட்டையில் சொட்டியிருந்த ஸ்ட்ராபெரி காட்டிக்கொடுத்துவிட்டது.

போன வாரம் போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாயே, அந்த மாதிரிக் கடைகளில் இன்றைக்கும் கப்பைப் பாதிக்கு மேல் நிரப்பக் கை வரமாட்டேன் என்கிறது என்று. நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

உனக்கு ஒன்பது வயது இருக்கும் அப்போது. கப்பை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, எம்பி நின்று, மெஷினின் நடுக் கைப்பிடியைப் பிடித்திருந்தாய். நான்தான் கப்பைப் பிடுங்கி, ஓரத்துக் கைப்பிடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பிடித்துக் கொடுத்தேன். மேலே போட்டுக்கொள்ளும் டாப்பிங் பக்கமே விடவில்லை. அது போதாதென்று ஒரு பிரசங்கம் வேறு: "இதில் பாதி வெறும் காற்று. காற்றுக்கா காசு கொடுப்பது?" முப்பது வருஷம் கம்ப்ரஸரோடு குப்பை கொட்டியவன் சொன்னால் நீ என்ன எதிர்த்துப் பேசுவாய்? சத்தமில்லாமல் சாப்பிட்டாய்.

அது தப்பு என்பது நேற்று தராசுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. அங்கே எல்லாமே எடைக் கணக்கு. வெறும் கப்பின் எடையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பில். தராசில் தெரிகிற அளவுக்குக் காற்றுக்கு ஏது எடை? ஒரு லிட்டர் கலவையில் ஒரு லிட்டர் காற்றை அடித்து ஏற்றினால் பார்வைக்கு இரண்டு லிட்டராகும், தராசில் அதே எடைதான் காட்டும். டப்பாவிலோ கரண்டிக் கணக்கிலோ ஐஸ்கிரீம் வாங்கினால் என் பிரசங்கம் சரி, அங்கே காற்றையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஆனால் நான் உனக்குப் பாடம் எடுத்த அந்தக் கடையிலும் பில் போட்டது தராசுதான். எதிரிலேயே இருந்தது. தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் அதைக் கவனிக்கவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். சுவரில் வரிசையாக மெஷின்கள், சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் உறுமல். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. மேலே தொட்டி, அதிலிருந்து கலவை காற்றோடு சேர்ந்து குளிர் உருளைக்குள் இறங்குகிறது. உள்ளே சுழலும் தகடு, உருளைச் சுவரில் பிடிக்கும் பனியைச் சுரண்டிச் சுரண்டிக் கலவையோடு அடிக்கிறது. கைப்பிடியை இழுத்தால் அதுவே முன்னால் தள்ளியும் விடுகிறது. எனக்கு முன்னால் நான்கு கல்லூரிப் பையன்கள் ஒரே மெஷினில் அடுத்தடுத்து நிரப்பிக்கொண்டு போனார்கள். என் முறை வந்தபோது தொளதொளவென்று கஞ்சி மாதிரி வந்தது. புதிதாக இறங்கிய கலவைக்கு உறைய நேரம் வேண்டாமா? கப்பை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். கடைப் பெண் ஓடிவந்து, "அங்கிள், கைப்பிடியைக் கீழே இழுக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தாள். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பிடித்தபோது கெட்டியாக, மடிப்பு மடிப்பாக விழுந்தது.

விழுந்தது என்ன, நிற்கவே இல்லை. கைப்பிடியை மேலே தள்ளியும் வால் மாதிரி நீண்டு, கப்பைத் தாண்டி என் மணிக்கட்டில் சுருண்டது. அந்தப் பெண் டிஷ்யூவோடு தயாராக நின்றாள். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ.

முதல் மெஷினில் 'ஒரிஜினல் டார்ட்' என்று எழுதியிருந்தது. புளிப்பு என்று அர்த்தமாம். எனக்கு அதுதான் பிடித்தது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் 1970களில் இது கடைக்கு வந்தபோது, தயிர் மாதிரிப் புளிக்கிறதே என்று பலர் முகம் சுளித்தார்களாம். அப்புறம் இனிப்பைக் கூட்டி ஐஸ்கிரீம் மாதிரியே ஆக்கினார்கள். டிசிபிஒய் என்ற கடை 1981இல் ஆர்கன்சாவில் தொடங்கியது, அந்த அலையில் பெரிதாக வளர்ந்தது. 2005இல் கலிபோர்னியாவில் பிங்க்பெரி என்ற கடை வந்த பிறகு அதே புளிப்புக்காக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நாக்கை என்னவென்று சொல்வது!

புளிப்பாக இருக்கிறது, உடம்புக்கு நல்லது என்று மட்டும் அளவில்லாமல் சாப்பிட்டுவிடாதே. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களில் நிறைய குளிரில் சாகாமல் தூங்கிக் கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது, அதனால் சர்க்கரையைக் கூட்டிப் போடுகிறார்கள். கல்லாக இறுகாமல் இருக்கவும் அந்தச் சர்க்கரை வேண்டும். மெஷினிலிருந்து மைனஸ் 6, 7 டிகிரி வாக்கில்தான் வெளியே வருகிறது. ஐஸ்கிரீம் டப்பா கிடக்கும் ஃப்ரீசர் மைனஸ் 18. அதனால்தான் இது பேசிக்கொண்டே இருந்தால் கரைந்துவிடுகிறது.

டாப்பிங்கில் ஏமாந்தேன். வெட்டிய பழத் துண்டுகளை, பழம்தானே என்று அள்ளிப் போட்டேன். பழம் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், எடை ஏறாமல் என்ன செய்யும்? பொரித்த தானியம் கப்பையே மூடினாலும் தராசு அசைவதில்லை. காற்றுக்குப் பயந்தவன் தண்ணீருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

முழு கப்பையும் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். நடுவில் மண்டைக்குள் ஊசி குத்தினாற்போல் ஜில்லென்று ஒரு வலி. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

அடுத்த முறை நீ வரும்போது போவோம். கப்பை நீயே பிடி, எவ்வளவு வேண்டுமோ பிடி, நான் தராசுப் பக்கம் நின்றுகொள்கிறேன். நடுக் கைப்பிடியை இழுத்தால் இரண்டு பக்கத்து ருசியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகிறது. அந்தப் பையன்கள் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அதைத் தொடவில்லை.

அப்பா