ஆயாம்மாவின் காலி பக்கெட்

கொருக்குப்பேட்டையில் எங்களைச் சுற்றியிருக்கிற எல்லோருக்கும்,

என் பையன் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவதும், அன்று ராத்திரி நனைத்ததற்கு விடிந்ததும் எங்கள் மாடிப்படியில் நான் போட்ட சத்தமும் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்லி அவனை இன்னொரு தடவை கூசவைக்க மனசில்லை. பையனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என் பேரைப் போடாத, ஆயாம்மாவைப் பத்தி எழுது" என்றான்.

அதற்கு முன்னால் மற்றவர்கள். மெத்தை காயப்போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மொட்டைமாடிச் சாவியை எங்களிடமே கொடுத்துவிட்ட வீட்டுக்கார அம்மா, 12 நாள் பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு கிடந்தவனைப் பேச்சுக் கொடுத்தே ஆட்டோவில் ஏற்றிய அண்ணன், எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்கா (அதனால் குறைந்ததோ என்னவோ, டப்பா காலி) எல்லோருக்கும் நன்றி. என் மாமியாருக்கும்தான். "உன் புருஷனும் பதினோரு வயசு வரைக்கும் இப்படித்தான்" என்று இப்போதுதான் வாயைத் திறந்தார். கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவனிடம் முதலில் கேட்டதே, "ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போவியா?" என்றுதான். இல்லையென்று தலையாட்டினான். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம், பசங்க தள்ளித் திறப்பார்களாம். அதனால் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறான். மலச்சிக்கல் வேறு. இறுகிப்போன மலம் மூத்திரப்பையை அழுத்தும், ராத்திரி சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனும் சில பிள்ளைகளுக்கு லேட்டாகத்தான் ஒழுங்காகச் சுரக்கும், அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்றார். 10 வயதிலும் 100 பிள்ளைகளில் 5 பேருக்கு இருக்குமாம். அவன் வகுப்பில் 42 பேர். அப்படியானால் இன்னொரு வீட்டிலும் மெத்தை காய்கிறது. பகலில் நன்றாகத் தண்ணீர், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கக்கூஸ், படுக்கும் முன் ஒருமுறை. நனைந்ததும் அடித்து எழுப்புகிற அலாரம், மாத்திரையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார்.

இதைப் பள்ளியில் போய்ச் சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றார்கள். பக்கத்தில் ஆயாம்மா வராண்டா துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் போனேன். வகுப்பு வாசலில் ஆயாம்மா. "டீச்சர், பக்கெட்டு தூக்க ஒரு ஆள் வோணும். நைனா, நீ வா." என் பையன் எழுந்து வந்தான். விளிம்பு உடைந்த நீலப் பக்கெட். கைப்பிடியின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அவன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கக்கூஸ் கதவில் பழைய புடவைக் கரையை முறுக்கிக் கட்டியிருந்தார். அவன் உள்ளே போய் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள, இவர் கதவுக்கு முதுகைக் காட்டி விளக்குமாறோடு நின்றார். வெளியே வந்ததும் மறுபடி அதே காலி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தினமும் பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இப்படித்தானாம். பசங்களுக்கு அவன் ஆயாம்மாவின் அசிஸ்டென்ட், அவ்வளவுதான்.

நான் தூணுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். வெட்கம் வந்தால் நிற்கும் என்று, ஈரப் போர்வையை அவன் கையில் கொடுத்துப் படியிறங்க வைத்தவள் நான். அந்தப் பெற்ற தாய்க்குத் தோன்றாதது இவருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னும் முழுதாக நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நனைகிறது. இனி இதற்காக அவன்மேல் கை வைப்பதில்லை என்று வடிவுடையம்மன் சந்நிதியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நாலு தாழ்ப்பாள் வாங்கியாகிவிட்டது, சனிக்கிழமை ஆசாரி வருகிறார். ஆயாம்மாவிடம் சொன்னேன். "தாப்பா போட்டுக்கோம்மா. பக்கெட்டு மட்டும் இருக்கட்டும். அத்த தூக்க எனக்கு ஆள் வோணுமில்ல?" என்றார்.