வில்வித்தைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: அம்புக்கோல் வெட்டிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வில் பயில வரும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூலை 30 அன்று மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண்சரிவில் மாண்டவர்களுக்கு நம் அஞ்சலி. பந்தலூரில் பலருக்கு அங்கே கொள்வினை கொடுப்பினை உண்டு. அந்தத் துக்கம் நம் வீட்டுத் துக்கம். அந்த மழையில் பயிற்சித் திடலும் சேறாகிக் கிடந்ததால் ஆகஸ்ட் முடியும்வரை இலக்குப் பலகையை வெளியே எடுக்கவில்லை. செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கை பெரும்பாலும் அம்புக்கோலைப் பற்றியது.

இந்தியச் சுற்றுப் போட்டிகளில் மூங்கில் வில்லை ஏந்தி 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்ய வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. நாம் விலை கொடுத்து வாங்கிவந்த கோல்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. கோல் விறைப்பாக இருந்தால் வலக்கைக்காரரின் அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். துவண்டால் வலப்பக்கம் போகும். பிள்ளையின் கையில் குறை இல்லாதபோதும் குறி தப்பும். அதனால்தான் நம் ஊர் ஓடைக்கரையில் வளரும் மெல்லிய மூங்கிலையே வெட்டுவது என்று முடிவு செய்தோம். நமக்குக் கோல் செய்யக் கற்றுத்தரும் முள்ளுக்குறும்பர் பழங்குடிப் பெரியவர் அதை ‘ஓட’ என்கிறார்.

முதல் முயற்சி வீணானது. போட்டி நெருங்குகிறது என்று ஐப்பசி மழையிலேயே வெட்டி அடுக்கினோம். கார்த்திகையில் கட்டைப் பிரித்தபோது கோல் முழுவதும் குண்டூசித் துளைகள். தட்டினால் மாவாகக் கொட்டியது. அவசரப்படுத்தியவன் நான். பெரியவர் ஒரு கோலை ஒடித்துப் பார்த்துவிட்டு, “இனிப்பு உள்ளே இருக்கும்போது வெட்டியிருக்கிறீர்கள் தம்பி, வண்டுக்குச் சோறு வைத்திருக்கிறீர்கள்” என்றார். அதற்குமேல் கடிந்துகொள்ளவில்லை.

தைப்பூசம் கழிந்த தேய்பிறையில் அவரே கூட்டிப்போனார். யானை நின்றதால் இரண்டு நாள் பாதி வழியில் திரும்பினோம். மூன்றாம் நாள் வெட்டினோம். அவர் கோல் தேர்ந்த விதத்தைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தண்டைப் போர்த்திய உறையான பாளை இன்னும் கழலாமல், கணுவுக்குக் கீழே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது இந்த ஆண்டுத் தண்டு, தொடுவதில்லை. பாளை உதிர்ந்து, பொடி மறைந்து, தோலில் சாம்பல் நிறத் திட்டுகள் விழுந்த தண்டை அரிவாள் முதுகால் தட்டுவார். கணீரென்றால் வெட்டலாம், மந்தமாக ஒலித்தால் அடுத்ததற்குப் போவார். சுண்டுவிரல் பருமனுக்கு மேல் எடுப்பதில்லை. மண்ணுக்கு மேல் முதல் கணுவை ஒட்டி அதன் மேலே வெட்ட வேண்டும். கணுவுக்கு மேல் குழாய்போல் விட்டால் மழைநீர் தேங்கித் தூர் அழுகும். முற்றிய தண்டு மூன்று இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்தார். எங்களுக்குக் கை பரபரத்தது. அவர் அடுத்த புதருக்கு நடந்துவிட்டார்.

அன்று கிடைத்தவை 140 கோல்கள். கட்டுக்கட்டாக இறுக்கி, அவர் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் மூன்று மாதம் புகையில் கிடந்தன. பிறகு நிமிர்த்தும் வேலை. கனல்மேல் கோலை உருட்டிக்கொண்டே இருக்கும்போது தோலில் எண்ணெய் பூசியதுபோல் ஒரு மினுமினுப்பு ஏறும்; அந்த நொடியில் எடுத்து, காடி, அதாவது பள்ளம், வெட்டிய மரக்கட்டையில் வைத்துக் கணுவை அழுத்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் பழைய கோணலுக்கே திரும்பும், பிந்தினால் கருகும். நாண் பூட்டும் காடியைக் கணுவை ஒட்டி வெட்டி நூல் சுற்றினால்தான் பிளக்காது. கனத்த முனை முன்னால். சிறகுக்குச் சேவல் இறகே போதும். மயிலிறகு வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.

கோல்களின் விறைப்பை ஒப்பிட, 66 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு முட்டுகள்மேல் கோலைக் கிடத்தி, நடுவில் 907 கிராம் எடை தொங்கவிட்டு வளைவை அளந்தோம். எடையை நகைக்கடைத் தராசில் பார்த்தோம். ஒத்துவந்தவை 61. மற்றவை தொடக்கப் பயிற்சிக்கு. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒத்துவந்த அம்புகளிலிருந்து எய்த முதல் மூன்று அம்புகளும் ஓர் உள்ளங்கையால் மூடும் அளவுக்குள் விழுந்தன. பெரியவர் இலக்கருகே போய்க் கைவைத்துப் பார்த்தார்.

இனி ஒரு முடிவைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரியவர் பெயரில் காட்டுக்குள் போய் வெட்டலாம் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் பிரம்பையும் சிறு வனப் பொருளாகச் சேர்த்திருக்கிறது. அந்த உரிமை காட்டை நம்பி வாழும் மக்களுடையது, சங்கத்துடையது அன்று. அவர்கள் உரிமையை நம் வசதிக்கு இரவல் வாங்கக் கூடாது என்று செயற்குழு மறுத்துவிட்டது. 1812இல் வயநாட்டில் குறிச்சியரும் குறும்பரும் வெள்ளையரை எதிர்த்து வில்லோடு எழுந்தார்கள். அந்த வில்லைக் கற்றுத்தருகிறவரிடம் நாம் இப்படி நடக்க முடியாது. இவ்வாண்டு வெட்டியது முழுவதும் அவர் குடும்பத்துப் பட்டா நிலத்து ஓடைக்கரையில், அவர் கேட்ட கூலியைக் கொடுத்துத்தான்.

அந்தக் கரையிலும் உண்ணிச்செடி நெருக்கிக்கொண்டு வருகிறது. புதர் ஒருமுறை பூத்துவிட்டால் முழுவதும் பட்டுப்போகும். எனவே மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். வெட்டு தை, மாசியில் மட்டும் நடக்க வேண்டும். ஒருமுறை வெட்டிய புதருக்கு மூன்று ஆண்டு ஓய்வு தர வேண்டும். சொந்த நிலத்தில் நீரோட்டம் உள்ள உறுப்பினர் ஒவ்வொருவரும், கிழங்கோடு பெயர்த்த கன்று இரண்டை மழை பிடிக்குமுன் நட வேண்டும்.

கன்றுகளைப் பெரியவர் தருகிறார். வரும் ஞாயிறு காலை எட்டரைக்குத் திடலில் கூடுவோம். கடப்பாரையும் ஈரச்சாக்கும் கொண்டுவாருங்கள். யானை நடமாட்டம் இருப்பதால் யாரும் தனியாக முன்கூட்டி ஓடைப்பக்கம் இறங்க வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்