முதிய எலிக்கூடத்துக்குத் தொடர் நிதி வேண்டி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், ஆராய்ச்சி நிதிப் பிரிவு

அனுப்புநர்: முதுமை ஆய்வுப் பொதுக்கூடத்தைப் பயன்படுத்தும் ஆய்வாளர்கள், பணியாளர்கள்

பொருள்: பல துறைகளுக்கும் பொதுவான முதிய எலிக்கூடத்துக்கு 5 ஆண்டுத் தொடர் நிதி வேண்டுதல் – தொடர்பாக

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள், நினைவூட்டல்கள் (எதற்கும் பதில் வரவில்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வளாகத்தின் பின்கட்டிடத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். அதில் முதிய எலிகளை வளர்க்கும் கடைசி அறைக்காகத்தான் இந்த மனு. தசை, எலும்பு, மூளை, நோய் எதிர்ப்பு என்று எல்லாத் துறைக்காரர்களும் அந்த ஒரே அறையை நம்பியிருக்கிறோம்.

1. பொதுக் கருவிகளின் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது. எப்படியோ சமாளிக்கிறோம்.

2. திசுக்களை மைனஸ் 80 டிகிரியில் வைக்கும் ஃப்ரீசர் பழுதானால் மாற்று இல்லை. ஒரு முறை உருகி மறுபடி உறைந்த திசுவில் ஆர்.என்.ஏ. (மரபணுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) சிதைந்துபோகும்.

3. உண்மையான கஷ்டம் எலிகள்தான். முதிய எலி என்று சொல்ல அதற்குச் சுமார் 24 மாதம் ஆகியிருக்க வேண்டும். மனிதக் கணக்கில் எழுபதை ஒட்டிய வயது. "பணம் வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள் தங்கள் அலுவலகத்தில். விலைக்குக் கிடைக்கிறது என்றாலே, யாரோ ஒருவர் 2 ஆண்டு தீனி போட்டு வளர்த்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? எங்களுக்கு வரும் திட்ட நிதியோ 3 ஆண்டுக்கு. எலி கிழடாவதற்குள் பணம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

வளர்ப்பதும் லேசில்லை. வயதான எலியால் எக்கித் தண்ணீர் குடிக்க முடியாது; நீளக் குழாய் வைக்க வேண்டும். மென்மையான தீனியைக் கூண்டுத் தரையிலேயே போட வேண்டும். முதுகில் புண் வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இரவுப் பணியாளரை நிறுத்திவிட்டார்கள். இரவில் செத்த எலியை மறுநாள்தான் பார்க்கிறோம். அதற்குள் திசு கெட்டு, 2 ஆண்டு வளர்ப்பும் வீண்.

4. ஒரே எலியில் ஒருவர் தசையை எடுக்கிறார், ஒருவர் மூளையை, இன்னொருவர் எலும்பை. அப்போதுதான் ஒன்றின் முதுமை இன்னொன்றை எப்படிப் பாதிக்கிறது என்று சேர்த்துப் பார்க்க முடியும். தனித்தனியாக வளர்த்தால் எலிகளும் அதிகம் சாகும், அந்தக் கேள்வியும் கேட்கப்படாமலே போகும். அமெரிக்காவில் 3 ஆய்வகங்கள் ஒரே முறையில் எலி வளர்த்து, ராபமைசின் என்ற மருந்து எலிகளின் ஆயுளை நீட்டுகிறது என்று 2009இல் வெளியிட்டன. மருந்தைத் தீனியில் கலக்கும் வழி கிடைக்கத் தாமதமாகி, எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. அந்த வயதில் கொடுத்தும் பலன் தெரிந்ததுதான் பெரிய செய்தி. ஐயா, காத்திருந்த அத்தனை நாளும் அந்த எலிகளுக்குத் தீனி போடப் பணம் இருந்தது. இங்கே இருக்கிறதா?

5. புதுத் திட்டங்களுக்கு நிதி அறிவித்துக்கொண்டே இருக்கிறீர்கள். திட்டம் கிடைத்தவர்கள் எல்லாரும் கடைசியில் இந்த அறை வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். அறைக்கு மட்டும் நிதித் தலைப்பில் இடமில்லையாம்! கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்றாவது சொல்லக்கூடாதா? கோப்புக்கு வயதானால் ஒன்றும் ஆகாது, எலி செத்துப்போகும். கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளவும்.

தீனி, பணியாளர் சம்பளம், ஃப்ரீசர் ஆகியவற்றுக்கு, எந்தத் தனித் திட்டத்தோடும் சேர்க்காமல், 5 ஆண்டு நிதி ஒதுக்குமாறு மீண்டும் வேண்டுகிறோம். 20 மாதம் தாண்டிய எலிகள் இப்போது கூண்டில் இருக்கின்றன. முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். அவற்றை வேறு ஆய்வகத்துக்காவது கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொதுக்கூட ஆய்வாளர்கள், பணியாளர்கள்