அந்த இருட்டறையையும் பார்த்திருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பந்தயக் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றிப் பார்த்து உங்கள் நிருபர் எழுதிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். 'மனிதக் கை படாமலே எல்லாம் தயாராகிறது' என்ற வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை. அப்படியொரு தொழிற்சாலையில் 22 வருடம், எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கு விரிசல் சோதனை செய்து ஓய்வு பெற்றவன் நான்.

பார்க்க வருகிறவர்களை, கணினி சொல்கிறபடி உலோகத்தைச் சீவும் சிஎன்சி இயந்திரங்கள் பக்கம்தான் அழைத்துப் போவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உலோகச் சீவல் பறக்கும். படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். எங்கள் அறைக்கு யாரும் வந்ததில்லை. அது இருட்டறை. உள்ளே போனதும் கண் பழகும்வரை சும்மா நிற்க வேண்டும். எஃகு ராடைக் காந்தமேற்றி, ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, புற ஊதா விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். விரிசல் இருந்தால் துகள்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். மயிரிழை மாதிரி மஞ்சளும் பச்சையுமாக ஒரு கோடு தெரியும். டைட்டானியத்திடம் காந்தம் பலிக்காது. அதற்கு விரிசலுக்குள் ஊடுருவும் சாயம்.

ஒருமுறை போல்ட் துளை ஓரத்தில் அப்படி ஒரு கோடு, அரை நகத்தின் அளவுகூட இல்லை. வண்டி வாசலில் நிற்கிறது, மேல் கீறலாகத்தான் இருக்கும், அனுப்பிவிடலாம் என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அறுத்துப் பார்த்தபோது கோடு ஆழமாக உள்ளே இறங்கியிருந்தது.

2009 முதல் 2013 வரை ஃபார்முலா 1 எஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு 18,000 சுற்று அனுமதி இருந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வேகத்தில் பிஸ்டன் விநாடிக்கு 600 முறை நின்று திரும்ப வேண்டும். அத்தனை இழுவையும் ராடின் மேலும் அதன் போல்ட்டுகள் மேலும்தான் விழுகிறது. அந்த போல்ட்டை முடுக்குகிறவர் முறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரென்ச்சை மட்டும் நம்புவதில்லை. போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளவுகருவி வைத்துப் பார்ப்பார். அதெல்லாம் கை இல்லையா ஐயா?

இது முதல் தடவையும் இல்லை. கார்பன் ஃபைபர் பற்றி முன்பு எழுதியபோது 'அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள்' என்று முடித்துவிட்டீர்கள். உறைபெட்டியில் வைத்திருந்த துணியை வெளியே எடுத்து, இழை ஓடும் திசை பார்த்து, அச்சுக்குள் ஒவ்வொரு அடுக்காகக் கையால் அழுத்திப் படிய வைத்த பிறகுதான் ஆட்டோகிளேவ் என்னும் மூடிய அழுத்தக் கலனுக்குப் போகும். அங்கே சூட்டோடு அழுத்தமும் சேர்ந்தால்தான் உறுதி வரும். 2018-இல் ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ சட்டம் ஃபார்முலா 1 கார்களில் கட்டாயமானபோது, காரின் அழகே போயிற்று என்று எழுதினீர்கள். 2020-இல் பஹ்ரைன் பந்தயத்தில் கார் மோதித் தீப்பிடித்தபோது ஓட்டுநர் ரொமைன் க்ரோஸ்ஷான் நெருப்பிலிருந்து உயிரோடு எழுந்து வந்தார். அவருடைய துணிச்சலுக்கு முழுப் பக்கம் கொடுத்தீர்கள், அது நியாயம். அவர் தலையைக் காத்த அந்த டைட்டானிய ஹேலோவை வெல்டிங் செய்தவர்களுக்கு ஒரு வரி கொடுத்திருக்கக் கூடாதா? அன்றைக்கே கடிதம் போட்டேன், வெளிவரவில்லை. வருத்தத்தோடு விட்டுவிட்டேன், இதழை வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

அதிகம் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையின் முதல் படத்துக்குக் கீழே 'பிஸ்டன்' என்று போட்டிருக்கிறீர்கள். அது கனெக்டிங் ராட். அடுத்த இதழில் தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பரிசோதகர் ஒருவர்